காட்டுவதும் உடன் காண்பதும்

முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் ஒரு கேமராவைச் சேர்த்தால், திரையில் கேமரா போன்ற ஒரு சின்னம் வந்து நிற்கும். அந்தச் சின்னத்துக்குப் பின்னால் கேமரா எதுவும் கிடையாது. எடை இல்லை, கண்ணாடி இல்லை, தாங்கும் தோள் இல்லை. வெளியில் ஒரு புள்ளி, அது நோக்கும் திசை, எவ்வளவு அகலத்தைப் பார்க்கிறது என்பதற்கு ஓர் எண், அவ்வளவே. சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். ஒரு மலையைச் சுற்றிவந்து, அடுத்த நொடியில் அதிர்வே இல்லாமல் ஓர் எறும்பின் முகத்தெதிரே நிற்கும். பார்வைக்கு இப்படியொரு விடுதலை வேறெந்தக் கருவியிலும் வாய்த்ததில்லை. ஆனால் அதைக் கையில் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை அதற்கு விலங்கு பூட்டுவதுதான். தண்டவாளம் போட்டு ட்ராலியில் ஏற்றுகிறார்கள். கிரேன் கையில் தொங்கவிடுகிறார்கள். லென்ஸின் குறைகளைக் கணக்குப் போட்டுச் சேர்க்கிறார்கள். இல்லாத எடைக்குத் தயக்கத்தையும் இல்லாத கைக்கு நடுக்கத்தையும் கொடுக்கிறார்கள். இந்தக் கட்டமைப்பைத் துறையில் ரிக் என்பார்கள். அனிமேஷன் படங்களுக்கும், ஒரு படத்தை எடுக்கும் முன்பே கணினியில் ஷாட் ஷாட்டாக அமைத்துப் பார்க்கும் ப்ரீவிஸ் வேலைக்கும் அது அன்றாடத் தேவை. தொழில்நுட்ப விஷயமாகவே பேசப்படும் இந்த வேலைக்கு அடியில் மிகப் பழைய தத்துவக் கேள்வி ஒன்று கிடக்கிறது. எல்லை என்பது அறிவுக்கு நேர்ந்த குறையா, அல்லது அறிவு நிகழ்வதற்கே அதுதான் நிபந்தனையா? எங்கிருந்தும் பார்க்கக்கூடிய ஒன்றுக்கு நாமே முன்வந்து எல்லை வகுக்கிறோம் என்றால், அந்தச் செயலிலேயே விடையின் ஒரு பகுதி இருந்தாக வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: எல்லைகளில் சில வெறும் பழக்கம், வேறு சில காண்பதற்கான நிபந்தனை. நல்ல ரிக் என்பது இரண்டையும் பிரித்தறிந்து பின்னதைக் கட்டுவது.

முதலில் இந்த ரிக்கை அருகில் சென்று பார்க்கலாம். அடியில் தண்டவாளத்தில் ஓடும் ட்ராலி, அதன்மேல் கிரேன் கை, கையின் நுனியில் இடவலமாகத் திரும்பும் அச்சு, அதற்கடுத்து மேல்கீழாகச் சாயும் அச்சு, கடைசியில் கேமரா. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதன் பிள்ளையாகக் கோக்கப்படும். ட்ராலி நகர்ந்தால் அனைத்தும் நகரும். சாயும் அச்சு அசைந்தால் கேமரா மட்டும் சாயும். கிரேன் கை எழும்போது அதன் நுனி நேர்கோட்டில் ஏறாது, வட்டத்தின் வில்லில் ஏறும். ஆகவே கேமரா உயரும்போதே நடிகரை நெருங்கவோ விலகவோ செய்கிறது. அதைச் சரிக்கட்ட ட்ராலியைத் தள்ள வேண்டியிருக்கிறது. இதைவிட நுட்பமான ஒன்று, திரும்பும் மையம். மென்பொருள் கேமராவைத் திருப்பினால், தான் எங்கிருந்து பார்க்கிறதோ அந்தப் புள்ளியையே மையமாகக் கொண்டு திரும்பும். அப்போது முன்னால் நிற்கும் தூணும் பின்னால் நிற்கும் மரமும் ஒன்றைவிட்டு ஒன்று இம்மியும் நகராது. படம் முழுவதும் ஒரே தாளாகச் சறுக்கும். நிஜக் கேமரா முக்காலித் தலையின் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. லென்ஸின் பார்வைப் புள்ளி அந்த அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. ஆகவே திரும்பினாலே அது கொஞ்சம் இடம்பெயர்கிறது. தூண் மரத்தின் குறுக்கே மெல்ல ஊர்கிறது. ரிக் கட்டுபவர் கேமராவை அச்சிலிருந்து சில அங்குலம் முன்னால் தள்ளிப் பொருத்தினால் போதும், தட்டையாகக் கிடந்த காட்சிக்கு ஆழம் வந்துவிடும். பார்வையாளருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் முதலாவதில் ஒரு படம் நகர்கிறது என்றும், இரண்டாவதில் யாரோ திரும்பிப் பார்க்கிறார்கள் என்றும் தோன்றும்.

இந்த உழைப்பு சிறிதல்ல என்பதற்குத் திரைப்பட வரலாற்றிலேயே சான்றுகள் உண்டு. பிக்ஸாரின் ‘வால்-ஈ’ (2008) படத்துக்காக இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டனின் குழு நிஜமான பானாவிஷன் கேமராக்களில் சோதனைக் காட்சிகளை எடுத்துக் கணினிப் படங்களோடு ஒப்பிட்டது. தங்கள் மென்பொருளின் லென்ஸ், நிஜ லென்ஸைப் போல நடந்துகொள்ளவில்லை என்று கண்டு அதைத் திருத்தியது. ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸை ஆலோசனைக்கு அழைத்தது. கடலலைச் சறுக்கில் போட்டியிடும் பென்குயின்களைப் பற்றிய ‘சர்ஃப்ஸ் அப்’ (2007) ஓர் ஆவணப்படம்போல அமைய வேண்டும் என்பதால், ஒரு பழைய வீடியோ கேமராவை மனிதர் கையில் கொடுத்து அதன் அசைவைப் பதிவுசெய்து கணினிக் கேமராவுக்கு ஊட்டினார்கள். ‘அவதார்’ (2009) படத்துக்காக ஜேம்ஸ் கேமரூன் லென்ஸ் இல்லாத ஒரு திரையைக் கையில் பிடித்து, வெறும் அரங்கில் நடந்தபடியே கதை நிகழும் பண்டோரா உலகத்தைப் பார்த்துப் படமாக்கினார். இதன் உச்சம் ஜான் ஃபேவ்ரோவின் ‘லயன் கிங்’ (2019). ஆப்பிரிக்க நிலத்தை யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினில் கட்டினார்கள். தலையில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அதற்குள் போய் இடம் பார்த்தார்கள். பிறகு ஒளிப்பதிவாளர் கேலப் டெஷனலின் குழு, நிஜமான ட்ராலிக்கும் கிரேனுக்கும் உணர்கருவிகளைப் பொருத்தி ஓர் அறைக்குள் தள்ளியது. தள்ளப்பட்டது ட்ராலி; நகர்ந்தது இல்லாத புல்வெளியில் இல்லாத கேமரா. படத்தில் நிஜமாக ஒளிப்பதிவு செய்யப்பட்டது தொடக்கத்தில் வரும் சூரிய உதயம் ஒன்றுதான் என்று ஃபேவ்ரோ பின்னர் சொன்னார். ஒரே ஒரு ஷாட் நிஜமாக இருக்கும் படத்துக்கு எதற்கு இத்தனை இரும்பு?

உடனே வரும் பதில், பழக்கம் என்பது. நூறாண்டுகளுக்கு மேலாக நாம் கேமரா வழியாகவே திரையில் கதைகளைப் பார்த்துவந்திருக்கிறோம். அதன் குறைகளும் நமக்கு நிஜத்தின் அடையாளங்களாகப் பதிந்துவிட்டன. தலைமுறை மாறினால் இதுவும் மாறிவிடும். இதில் பாதி உண்மை. லென்ஸுக்குள் ஒளி சிதறித் தெறிக்கும் ஃப்ளேரை எடுத்துக்கொள்ளலாம். லென்ஸ் செய்தவர்கள் அதைப் பழுது என்றே கருதினார்கள். அதைத் தடுக்கவே கண்ணாடிக்குப் பூச்சு பூசினார்கள். 1960களில் சில ஒளிப்பதிவாளர்கள் துணிந்து அதைப் படத்தில் விட்டுவைத்த பிறகுதான் அது அழகாயிற்று. கணினியில் ஃப்ளேர் சேர்ப்பது ஒரு வரலாற்றுப் பழக்கத்துக்குச் செய்யும் மரியாதை. அது இல்லாவிட்டாலும் எதுவும் குடிமுழுகிவிடாது. ஆனால் முன்னே சொன்ன திரும்பும் மையத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. கேமரா பிறப்பதற்கு முன்பே அது மனித உடலில் இருந்தது. நம் கண்கள் கழுத்தின் அச்சில் இல்லை, அதற்கு முன்னால் இருக்கின்றன. தலையைத் திருப்பும்போதெல்லாம் கண்கள் சற்று இடம்பெயர்கின்றன. அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்று நகர்கின்றன. உலகத்துக்கு ஆழம் உண்டு என்பதை நாம் அறியும் வழிகளில் அதுவும் ஒன்று. எடையுள்ள ஒன்று உடனே கிளம்பாது, உடனே நிற்காது என்பதும் கருவியின் இயல்பு மட்டும் அல்ல. ஓடிவந்து நிற்கும் ஒவ்வொரு உடலும் அறிந்தது. ஆகவே ரிக்கின் எல்லைகளில் கண்ணாடியிலிருந்து வந்தவை உண்டு, உடலிலிருந்து வந்தவையும் உண்டு. பழக்கம் என்ற விளக்கம் முதல் வகைக்குத்தான் பொருந்துகிறது. இரண்டாவது வகைக்கு வேறு விளக்கம் தேட வேண்டும்.

அதற்கு, எல்லையற்ற கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது என்று கேட்க வேண்டும். எங்கும் போகக்கூடியது என்பதால் அது கடவுளின் பார்வைக்கு நெருங்கியது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எந்த ஒரு ஃபிரேமிலும் அது ஒரே ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. அந்தப் புள்ளியிலிருந்து அருகிலுள்ளது பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரிகிறது. தூண் மரத்தை மறைக்கிறது. இடம் இல்லாத பார்வை வேண்டுமென்றால் மென்பொருளில் அதற்கும் வழி இருக்கிறது. மாயா போன்ற மென்பொருளில் திரையை நான்காகப் பிரித்தால் மேலிருந்து, முன்னிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று காட்சிகளும், அவற்றோடு கேமராவின் காட்சி ஒன்றும் தெரியும். முதல் மூன்றிலும் கோடுகள் இணையாகவே போகும். தூரத்தால் எதுவும் சிறுக்காது. அங்கே பார்ப்பவருக்கு இடமே கிடையாது. ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1712-ல் டெ போஸ் என்ற சேசு சபைத் துறவிக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இதே வேறுபாட்டைச் சொன்னார். பொருள்கள் நமக்குத் தெரிவது, நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறும் தோற்றமாக. கடவுளுக்குத் தெரிவது, தரைப்படம் போல மாறாத ஒரே வடிவமாக. அனிமேட்டர்கள் அந்தத் தரைப்படக் காட்சிகளை அளவெடுக்கவும் அடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் கதை சொல்பவர் அரிது. ஆகவே கட்டற்ற கேமராவுக்கு இடம் இல்லை என்பது சரியல்ல. ஒவ்வொரு கணமும் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. அங்கே இருப்பதற்கான காரணம்தான் இல்லை. எந்த இடத்துக்கும் வர அதற்கு எதுவும் செலவாகவில்லை, எந்த இடத்தைவிட்டுப் போகவும் எதையும் இழக்கவில்லை. அதனிடம் இருப்பது கடவுளின் அறிவு அன்று, மனிதப் பார்வையிலிருந்து பொறுப்பை மட்டும் கழித்துவிட்ட மிச்சம்.

எல்லை எப்படி அறிவுக்குத் துணையாகும் என்று தமிழில் தீர்க்கமாக யோசித்த மரபு சைவ சித்தாந்தம். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாக்களில் இயற்றிய சிவஞானபோதமும், அதை விரித்து அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரும், அடுத்த நூற்றாண்டில் உமாபதி சிவம் இயற்றிய நூல்களும் இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பத் தொடுகின்றன. உயிருக்கு அறியும் ஆற்றல் இயல்பிலேயே உண்டு. ஆனால் ஆணவம் என்னும் இருள் அதை முழுவதும் மறைத்திருக்கிறது. அந்த நிலையில் உயிருக்கு எல்லையும் தெரியாது, எல்லைக்கு அப்பால் இருப்பதும் தெரியாது. அதனால் உலகுக்கு மூலப்பொருளான மாயையிலிருந்து உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் உயிருக்குத் தரப்படுகின்றன. தனு, கரணம், புவனம், போகம் என்று மரபு எண்ணும் இந்த நான்கும் உயிரைக் குறுக்குகின்றன; அந்தக் குறுக்கத்தின் வழியாகவே கொஞ்சமேனும் அறியச் செய்கின்றன. விடியும்வரை இரவில் எரியும் விளக்கு என்று உமாபதியார் மாயையைக் காட்டுவது இதனால்தான். விளக்கு அறை முழுவதையும் காட்டாது. அது இல்லையென்றால் அறையே இல்லை. உடலை அறிவுக்குப் போட்ட திரை என்று மட்டும் கருதும் மரபுகளிலிருந்து சித்தாந்தம் இங்கே விலகி நிற்கிறது. கணினியின் வெளியில் மிதக்கும் புள்ளிக்கு ட்ராலியையும் அச்சையும் லென்ஸையும் பூட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ இந்தப் பக்கம்தான் வாக்களிக்கிறார். பார்வைக்கு உடலும் கருவியும் ஒரு நிலமும் கொடுத்தால்தான் அது பார்வையாகும் என்கிறார்.

சித்தாந்தம் இன்னொரு படி மேலே போகிறது. ரிக் எதற்கு என்ற கேள்விக்கு அங்கேதான் நேரடி விடை கிடைக்கிறது. கண் ஒரு பொருளைக் காண்பதற்கு, உயிர் கண்ணோடு நின்று அதற்குக் காட்டவும் வேண்டும், தானும் காணவும் வேண்டும். அதேபோல உயிர் அறிவதற்கு இறைவன் அதற்குக் காட்டுகிறான், கூடவே தானும் காண்கிறான் என்று சிவஞானபோதத்தின் 11-ஆம் நூற்பா விளக்குகிறது. காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று உரையாசிரியர்கள் இவற்றைப் பிரித்துப் பேசுவார்கள். காட்டுதல் மட்டும் போதாது. காட்டுகிறவர் உடன் காண வேண்டும். ஐரோப்பாவிலும் இதற்கு இணையான சிந்தனை உண்டு. இறையியலாளர் குசாவின் நிகோலஸ் 1453-ல் டெகர்ன்சே மடத்துத் துறவிகளுக்கு ஒரு நூலையும் அதனோடு ஓர் ஓவியத்தையும் அனுப்பினார். எங்கிருந்து பார்த்தாலும் பார்ப்பவரையே நோக்குவதுபோலத் தோன்றும் முகம் அதில் இருந்தது. துறவிகள் அதைச் சுவரில் மாட்டி, ஒருவர் கிழக்கிலிருந்து மேற்காகவும் மற்றவர் மேற்கிலிருந்து கிழக்காகவும் நடந்து பார்க்க வேண்டும். அந்தப் பார்வை தங்கள் ஒவ்வொருவரோடும் நகர்ந்தது என்பதை ஒருவரையொருவர் கேட்டுத்தான் அறிய முடியும். எல்லாவற்றையும் காணும் பார்வை, யாருடைய இடத்தையும் அழித்துவிட்டு மேலே மிதப்பதில்லை. ஒவ்வொருவருடைய இடத்திலும் அவரோடு நிற்கிறது. கேமராவை இறைவனுக்கு ஒப்பிடுவதல்ல என் நோக்கம். இரண்டு மரபுகளும் காட்டுதலுக்குச் சொல்லும் இலக்கணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன். கட்டற்ற கேமரா காட்டுகிறது. உடன் காண அங்கே யாரும் இல்லை. ட்ராலியின் தயக்கத்திலும் கழுத்துபோலத் திரும்பும் அச்சிலும் நாம் உணர்வது, நம்மோடு சேர்ந்து பார்க்கும் ஒருவர் இருக்கிறார் என்பதைத்தான்.

இது இடத்தைவிடக் காலத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுந்து ஜன்னலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அனிமேட்டர், 100-ஆவது ஃபிரேமில் அவர் எழத் தொடங்குகிறார், 148-இல் ஜன்னலில் நிற்கிறார் என்று குறித்திருக்கிறார். இப்படிக் குறிக்கப்படும் ஃபிரேமைக் கீஃபிரேம் என்பார்கள். கேமராவுக்கும் அதே 100-இலும் 148-இலும் கீஃபிரேம் வைத்துவிடுவது எளிது. ஓடவிட்டால் கேமரா அவரோடு சேர்ந்தே எழுகிறது, சேர்ந்தே நிற்கிறது. அவர் தலை ஃபிரேமில் ஆணி அடித்ததுபோல ஒரே இடத்தில் இருக்கிறது. தவறு என்று விரல் வைத்துக் காட்ட எதுவும் இல்லை. ஆனால் காட்சியில் உயிர் இல்லை. நிஜ ஆபரேட்டருக்கு அவர் எழப்போவது தெரியாது. கண்ணில் பட்டதற்குக் கை அசைய மனிதருக்குக் கால் நொடி பிடிக்கும்; நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஏறத்தாழ ஆறு ஃபிரேம். அந்த ஆறு ஃபிரேமுக்குள் எழுகிறவரின் தலை ஃபிரேமின் மேல்விளிம்பை நெருங்கிவிடும். கேமரா துரத்திக்கொண்டு எழும், கொஞ்சம் கூடுதலாகப் போகும், பின்வாங்கி நிலைகொள்ளும். ஃபோகஸ் அதற்கும் ஒரு கணம் பிந்தி வந்து பிடிக்கும். கீஃபிரேம் கேமராவின் குறை அது அதிகம் அறிந்திருப்பது. எதிர்காலத்தை அறிந்த பார்வைக்கு வியப்பு இருக்காது. வியக்காத ஒருவரோடு சேர்ந்து நாமும் வியக்க முடியாது. ஆபரேட்டரை நிஜமாகவே நிறுத்தி, ஓடும் அனிமேஷனைப் பார்த்தபடி ட்ராலியையும் தலையையும் இயக்கச் செய்யும் முறையின் பயன் இங்கேதான். அவர் ஒத்திகையில் அதைப் பார்த்திருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு டேக்கிலும் அவர் கை காலத்துக்குள்தான் இருக்கிறது. கையின் நடுக்கத்தை மட்டும் கணக்கிட்டுச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதையே. 1980-களில் கென் பெர்லின் உருவாக்கிய, ஒழுங்கற்றதுபோலத் தோன்றும் அசைவைத் தரும் இரைச்சல் சார்பு அழகான கணிதம். அதைக் கேமராவின் மேல் தெளித்தால் அது ஆடும். ஆனால் எதைக் கண்டும் ஆடாது. எதிர்வினையில்லாத நடுக்கம் வெறும் அலங்காரம்.

ப்ரீவிஸ் வேலையில் இந்த எல்லைகளுக்கு இன்னொரு பொருள் சேர்கிறது. அங்கே கணினிக் கேமரா யாருக்கோ கொடுக்கும் வாக்குறுதி. இந்த ஷாட்டை எடுக்க முடியும், இந்தச் சுவருக்கும் இந்த மேசைக்கும் இடையில் கேமரா நிற்கும், இந்த உயரத்தை இந்தக் கிரேன் எட்டும் என்று அது தயாரிப்பாளருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் செட் போடுகிறவருக்கும் சொல்கிறது. சென்சாரின் அளவையும், கடையில் உண்மையில் கிடைக்கும் லென்ஸ்களையும், கிரேன் கையின் நீளத்தையும் ரிக்கில் பூட்டிவைப்பதற்குக் காரணம், சொன்ன சொல் தவறக் கூடாது என்பதுதான். கூரையைத் துளைத்துக்கொண்டு ஏறும் ப்ரீவிஸ் கேமரா பார்க்க அழகாக இருக்கலாம். அதற்கான விலையை, படப்பிடிப்பு நாளன்று தண்டவாளத்தோடும் இரும்போடும் மல்லுக்கட்டும் தொழிலாளர்கள் கொடுப்பார்கள். எடை என்பதற்கு நெறி சார்ந்த பக்கமும் உண்டு என்பது திரைப்பட விமர்சனத்தில் புதிதல்ல. பொன்டெகோர்வோவின் ‘கப்போ’ (1960) படத்தில், வதைமுகாமின் மின்வேலியில் விழுந்து இறந்த பெண்ணை நோக்கிக் கேமரா நகர்ந்து சென்று ஃபிரேமை அழகாக அமைத்துக்கொள்கிறது. அந்த ஒரு நகர்வுக்காகவே பிரெஞ்சு விமர்சகர் ஜாக் ரிவெட் 1961-ல் அந்த இயக்குநரைக் கடுமையாகக் கண்டித்தார். தண்டவாளம் போட்டு, தள்ளி, மீண்டும் தள்ளி, ஒருவர் அந்த இடத்துக்குப் போக முடிவுசெய்தார். ஆகவே அவரைக் கேள்வி கேட்கலாம். கட்டற்ற கேமராவிலும் யாரோ முடிவெடுக்கத்தான் செய்கிறார்கள்; ஆனால் அந்த முடிவுக்கு எடை இல்லாததால், முடிவு எடுத்ததே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. நகர்வுக்கு விலை இருந்தால்தான், ஏன் நகர்ந்தாய் என்ற கேள்வியும் உண்டு.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகக் கனமானது பொய் என்ற குற்றச்சாட்டு. அங்கே யாரும் இல்லை, ஆனால் யாரோ நின்று பார்த்தார்கள் என்று ரிக் நம்பவைக்கிறது; காணாத ஒருவரைக் கண்டதாகக் காட்டுவது பொய்ச்சாட்சி அல்லவா? இதை லேசாக ஒதுக்க முடியாது. ‘ஆர்மா 3’ என்ற போர் விளையாட்டின் காட்சிகள் நிஜப் போரின் காட்சிகளாகப் பரப்பப்பட்டதால், அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமான பொஹீமியா இன்டராக்டிவ் 2022 நவம்பரில் விளக்க அறிக்கை வெளியிட வேண்டிவந்தது. போலியைக் கண்டுபிடிக்க அது சொன்ன அடையாளங்களில் மங்கலான படமும் ஆடும் கேமராவும் இருந்தன. கை நடுக்கம் அங்கே குறைகளை மூடும் போர்வையாகவும், சாட்சி இருந்ததற்கான பொய் முத்திரையாகவும் வேலை செய்தது. ஆனால் இந்த எடுத்துக்காட்டு சுட்டுவது எல்லையின் குற்றத்தை அல்ல, அது எதற்கு உறுதியளிக்கிறது என்பதில் நிகழ்ந்த மோசடியை. போர்ச் செய்தி, இது நடந்தது என்கிறது. அதற்குச் சாட்சி கட்டாயம். அனிமேஷன், இது நடந்தது என்று சொல்வதில்லை. திரையரங்குக்குள் நுழையும் குழந்தைக்கும் அது தெரியும். அது தரும் உறுதி வேறு: இந்தப் பாத்திரத்தை ஓர் இடத்தில் நின்று, கவனத்தோடு, அடுத்து என்ன என்று தெரியாதவரைப் போல யாரோ பார்த்தார்கள் என்பது. அந்தப் பார்வை பொய்யல்ல. அமைத்தவர் உண்மையிலேயே அப்படிப் பார்த்து, அப்படித் தயங்கி, அங்கே நின்றிருக்கிறார். ‘லயன் கிங்’ இந்த இரண்டு உறுதிகளுக்கும் நடுவில் ஊசலாடுவதை ஒப்புக்கொள்ள வேண்டும். இயற்கை ஆவணப்படத்தின் சாயலை அது கூடுதலாகக் கடன்வாங்கியது. ரிக்கின் எல்லைகள் அங்கே சில சமயம் உடன் காண்பதற்குப் பதிலாக நிஜம் என்ற முத்திரைக்குத்தான் உழைக்கின்றன. அது கருவியின் குறை அல்ல, அதைக் கொண்டு என்ன சொல்ல நினைத்தார்கள் என்பதன் குறை.

இரண்டாவது மறுப்பு அனிமேஷனின் பக்கமிருந்து வரும். வரைந்து உண்டாக்கும் கலைக்கு உடலின் கட்டுப்பாடு எதற்கு, பறக்க முடிந்ததை ஏன் நடக்கவைக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் விடுதலையைக் கொண்டாடும் படங்களே இதற்கு விடை தருகின்றன. டேவிட் ஃபின்ச்சரின் ‘பேனிக் ரூம்’ (2002) படத்தில் ஒரே ஓட்டமாகக் கேமரா மாடியிலிருந்து இறங்கி, சாவித்துளைக்குள் புகுந்து, காபி பாத்திரத்தின் கைப்பிடி வழியாகக் கடந்து போகிறது. மேலே தாயும் மகளும் படுத்திருக்கிறார்கள். வெளியே திருடர்கள் ஒவ்வொரு கதவாக வழி தேடுகிறார்கள். சுவர் எல்லாருக்கும் சுவராக இருப்பதால்தான் கேமரா அதை மீறுவது நம் வயிற்றைக் கலக்குகிறது. எல்லையே இல்லாத படத்தில் மீறலும் இல்லை. ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ (2018) லென்ஸின் மங்கலையும் அசைவின் கலங்கலையும் தூக்கி எறிந்துவிட்டு, அச்சில் வண்ணம் விலகிப்போன காமிக்ஸ் பக்கம்போலக் கவனத்துக்கு வெளியே இருப்பதைப் பிரித்துக்காட்டியது. கண்ணாடியை விட்டது, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கவனிக்க முடியாது என்ற எல்லையை விடவில்லை. வரைபட அனிமேஷனுக்கும் இது புதிதல்ல. டிஸ்னி ஸ்டுடியோ 1937-ல் ‘தி ஓல்டு மில்’ குறும்படத்தில் பயன்படுத்திய மல்டிபிளேன் கேமரா, ஓவியங்களைப் பல அடுக்குக் கண்ணாடிகளில் விலக்கி வைத்தது. தட்டையான தாளில் கிடைக்காத ஒன்றை, அருகும் தொலைவும் ஒன்றன் குறுக்கே ஒன்று நகர்வதை, வரைபவர்களும் தேடினார்கள் என்பதற்கு அந்தப் பெரிய இயந்திரமே சாட்சி.

கடைசி மறுப்பு சித்தாந்தத்துக்கு உள்ளிருந்தே எழக்கூடியது. மாயையின் கருவிகள் விடியும்வரைதான்; முடிவான இலக்கு அவற்றைக் கழற்றி எறிவதல்லவா? அப்படியென்றால் எல்லையைக் கொண்டாடுவது விளக்கை விடியல் என்று மயங்குவதாகாதா? இதற்கு விடை, முத்தியைச் சித்தாந்தம் எப்படிக் காண்கிறது என்பதில் இருக்கிறது. அங்கேயும் உயிர் அழிந்துபோவதில்லை. எல்லாவற்றையும் தனித்து ஆளும் பார்வையாகவும் ஆவதில்லை. சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடைய உயிர், கருவிகளைச் சார்ந்து நின்றது மாறி இறைவனைச் சார்ந்து நிற்கிறது. சார்பு மாறுகிறது. தனியொருவராய், சார்பே இல்லாமல், எங்கும் பறக்கும் கண் ஆவது அந்த வழியில் எங்கேயும் இல்லை. அது ஆணவத்தின் கனவு. கட்டற்ற கேமராவை விடுதலையின் சாயலாகக் காண்பவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். படம் பார்ப்பவரும் இருட்டில் உட்கார்ந்து, தனக்குக் காட்டப்படுவதையே சார்ந்து, அதன் வண்ணமாகிறவர்தான். யாரோடும் சேராத பார்வையைச் சார்ந்தால் அவரும் யாரோடும் சேராதவராக இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுப் போவார். ஆகவே ரிக் கட்டுகிறவர் தன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி, இது நிஜக் கேமராபோல இருக்கிறதா என்பது அல்ல. கண்ணாடியின் பழுதுகளைச் சேர்க்கலாம், விடலாம், அது பாணி. அடுத்த கணத்தை அறியாதிருத்தல், ஓர் இடத்தில் இருப்பதால் மற்ற இடங்களை இழத்தல், ஒன்றைக் கவனிப்பதால் மற்றதைத் தவறவிடுதல், நகர்வதற்கு விலை கொடுத்தல் ஆகிய நான்கையும் விட்டுவிட்டால், எவ்வளவு துல்லியமான லென்ஸைப் பொருத்தினாலும் அங்கே காட்சி இருக்கும், காண்பவர் இருக்கமாட்டார். இந்த நான்கையும் காத்தால், பென்சிலால் வரைந்த ஒரு வட்டத்தைக்கூட ஒருவரோடு சேர்ந்து பார்க்க முடியும்.